கூரைக்கு அடியில் வெள்ளைத்தாள்

மார்ச் 9
அம்மா இன்றும் இருமி இருமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய சிலேட்டுக்கல் ஓட்டுக் கூரை ஒழுகி, அவள் அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சை. இன்னொரு ஈரக் குளிர்காலத்தை அவள் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கூரையைப் பிரிக்கிறோம்.

மார்ச் 11
கூரைக்காரர் இத்வால் வந்தார். சிலேட்டுக்கு அடியில் எந்தத் தாளை விரிப்பது என்று பேச்சு. கறுப்புத் தார்த்தாள் வீட்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெள்ளைத்தாள் ஈரத்தை வெளியே விடும். அம்மாவுக்கு அதுதான் நல்லது.

"ஆனா வௌவால் இருந்தா வெள்ளை கூடாது, மெய்ரிக். பஞ்சு மாதிரி நூல் பிரியும், நகம் மாட்டிக்கும். சட்டமும் விடாது," என்றார் அப்பாவிடம்.

"இங்க ராத்திரி கத்தறது என் மச்சினி குவெண்டா ஒருத்திதான்," என்றார் அப்பா. "அவளும் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவா."

இத்வால் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேல படுக்கறவ நீதானே குட்டி? நீ சொல்லு, வௌவால் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

நேற்றே அப்பா சொல்லிவிட்டார்: "வாயத் திறந்தா வேலை நின்னுடும், மாரெட். அம்மாவ நெனச்சுக்கோ." ஒவ்வொரு மே மாதமும் வௌவால்கள் வரும். என் தலைக்கு மேலே குட்டி போடும். அப்பாவுக்கும் தெரியும்.

ஏப்ரல் 20
கூரை முடிந்தது, வெள்ளைத்தாளோடு. அம்மா என் அறைக்குப் படியேறி வந்தாள். மூச்சு வாங்க நடுவில் நிற்கவேயில்லை.

மே 14
வந்துவிட்டன. ஜன்னலில் நின்று துண்டை வீசி வீசித் துரத்தினேன். கூரை விளிம்புச் சந்து வழியே ஒவ்வொன்றாக நுழைந்தன.

ஜூன் 19
மேலே பிறாண்டல். ஒரே இடத்தில். நகர்கிற சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

ஜூன் 20
அதே இடம். கூடவே சின்னதாக இன்னொன்று. குட்டியா? அப்பாகிட்ட சொன்னேன். "எலியா இருக்கும்"னு சொல்லிட்டு, சர்க்கரையே போடாத டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தார்.

ஜூன் 21
பெரிய சத்தம் நின்னுடுச்சு. சின்னது மட்டும் இருக்கு. சொன்னா கூரையைப் பிரிப்பாங்க, அம்மா என்ன ஆவா? சொல்லலேன்னா — நான் "இல்லை"ன்னு சொன்னதாலதானே —

ஜூன் 23
பள்ளி விட்டதும் பஸ்ஸில் ஏறவில்லை. இத்வால் தபால் நிலையக் கூரையில் இருந்தார். கீழேயிருந்து கத்தினேன்: "இருக்கு! அன்னிக்குப் பொய் சொன்னேன்!" வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினார். இறங்கி வந்து, "அடக் கடவுளே, குட்டி" என்றார். போனை எடுத்து வௌவால் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

ஜூன் 25
அதிகாரிகள் வந்து சிலேட்டைக் கழற்றினார்கள். செத்தவற்றை ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்துப் போனார்கள். உயிரோடு இருந்த ஒரு குட்டியின் விரல்களில் வெள்ளை நூல் இறுகியிருந்தது. அவர்களில் ஒரு பெண் அதை நகவெட்டியால் வெட்டினாள். குட்டி என் கட்டைவிரல் அளவுதான்.

வெள்ளைத்தாள் முழுவதையும் எடுக்க வேண்டுமாம். மற்றக் குட்டிகள் பறந்து போகும்வரை புதுத்தாள் விரிக்கக் கூடாது. அதுவரை தார்ப்பாய்.

சாப்பிடும்போது அப்பா, "எவன் போய்ச் சொன்னானோ, அவன் மட்டும் கையில கிடைச்சா..." என்றார். என்னைப் பார்த்தார். நிறுத்திவிட்டார். என் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தார்.

ஆகஸ்ட் 30
விடாத மழை, தார்ப்பாய் ஒழுகுகிறது. அம்மாவின் சுவரில் பூஞ்சை திரும்பிவிட்டது.

செப்டம்பர் 16
குவெண்டா சித்தி காரோடு வந்தாள். அம்மாவை ரில் நகரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். கார்க் கதவைச் சாத்தும் முன் அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். "உம்மேல கோபமில்லடி."

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும்.

அக்டோபர் 18
இத்வால் தார்த்தாளை விரித்துச் சிலேட்டைப் போட்டு முடித்தார். நல்ல கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. ஆனால் ஈரத்தை உள்ளே அடைக்கும் தார்த்தாள் போட்ட வீட்டுக்கு அம்மா திரும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வௌவால்கள் குளிர்காலத்துக்கு வேறிடம் போய்விட்டன. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். மேலே சத்தமில்லை. கீழே இருமலும் இல்லை.