பூமாலை பொய் சொல்லவில்லை

கச்சிராயபாளையம் வழி,
பொங்கல் கழிந்த வாரம்.

மதிப்பிற்குரிய அருள்மொழி டீச்சர் அவர்களுக்கு,

ஜெயசுதாவின் தாத்தா கொளஞ்சியப்பன் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட வேண்டாம். இது மனு இல்லை. இதன் நகல் யாருக்கும் போகவில்லை.

போன் செய்து பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மலைமேல் டவர் கிடைக்காது என்று ஜெயசுதா முன்பு சொல்லியிருக்கிறாள். டவர் இல்லையா, அல்லது என் நம்பர் என்று தெரிந்ததாலா என்று நான் ஆராயவில்லை. நீங்களும் குழந்தைகளும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள் என்றும், சாயங்காலமும் நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள் என்றும் பால் வண்டி வெற்றிவேல் சொன்னான். அவனுக்கு எல்லா ஊர்ச் சேதியும் தெரியும்.

முதலில் நம் பள்ளிச் சேதி. உங்கள் பத்தாம் வகுப்புக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு சார் வருகிறார். நல்ல மனிதர். பஸ் பிந்தினால் அவரும் பிந்துவார். அரையாண்டில் கணக்கில் பாதி வகுப்பு விழுந்துவிட்டது. ஜெயசுதா தேறிவிட்டாள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு மனு போட்டவனும் நான்தான். அதை மட்டும் இந்த ஊரில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஞாபகம் வைத்திருப்பது வேறு ஒன்றை. உங்களை மலைக்கு விரட்டியவன் நான் என்கிறார்கள். டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். இடமாறுதல் கலந்தாய்வில் நீங்களாகக் கேட்டு வாங்கிய இடம் அது என்று நான் பதில் சொல்கிறேன். அது உண்மைதானே? என் மனுவில் உங்களை மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பெற்றோர் குரூப்பில் பள்ளியின் அறிவிப்புகள் எழுத்தில் வர வேண்டும், வாய்ப்பேச்சாக வரக்கூடாது என்றுதான் எழுதினேன். அதற்கு உங்களிடம் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் கலந்தாய்வுக்குப் போனீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எனக்கே அலுத்துவிட்டது.

உங்கள் குரலை நான் ஏன் எதிர்த்தேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு, பஸ் போர்டையும் கடையில் பொட்டலம் கட்டி வந்த பேப்பரையும் பார்த்து நானாகக் கற்றேன். படிக்காதவன் என்று எவனாவது நினைத்துவிடுவானோ என்ற கூச்சம் இந்த வயதிலும் போகவில்லை. நீங்களோ தினம் சாயங்காலம் போனில் பேசிப் பதிந்து குரூப்புக்கு அனுப்புவீர்கள். நாளைக்கு இன்ன டெஸ்ட், இன்னார் மகன் இன்று வரவில்லை, சத்து மாத்திரை கொடுத்தோம் என்று. பின்னால் உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். ஒரு அரசுப் பள்ளியின் அறிவிப்பு குக்கர் சத்தத்தோடு வருகிறதே, இந்த ஊருக்கே எழுத்து தெரியாது என்று இந்த அம்மா முடிவு கட்டிவிட்டாளே என்று எனக்குச் சுட்டது. இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாதுதான். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சுட்டது.

பெற்றோர் கூட்டம் நடந்த அன்று நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். இனி எல்லாம் எழுத்தில்தான் என்று தலைமை ஆசிரியர் அறிவித்ததும் நான் எழுந்து, படிக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அப்போது, என் கரும்புக்கு வேலைக்கு வரும் செவ்வந்தி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

“டீச்சரம்மா பேசுனா வேலைய செஞ்சிக்கினே கேப்பேன். இனிமே ஒவ்வொரு தபாவும் களைக்கொத்த போட்டுட்டு ஒங்க வூட்டாண்ட வந்து நிக்கணுமா, ஐயா?”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொருத்தி, “அவுருக்கு நாலு பேரு வந்து நின்னா ஒரு இதுதான்” என்றாள். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

செவ்வந்தியின் மகள் பூமாலைக்கு நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வெற்றிவேல் சொல்லாமல் இருக்கமாட்டான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது அவன் பார்த்ததுதான். அவனுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

கார்த்திகையில் ஒரு நாள். இங்கே வெறும் தூறல், மலையில் கொட்டிக்கொண்டிருந்தது. என் கரும்பில் செவ்வந்தியும் இன்னும் சில பெண்களும் காய்ந்த இலையை, சோகையை, உரித்துக்கொண்டிருந்தார்கள். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் என் போன் அடித்தது. மோட்டார் கொட்டகையில் பையில் தொங்கிய செவ்வந்தியின் போனும் அதே நேரம் அடித்தது. பள்ளியிலிருந்து அறிவிப்பு. ஓடையில் வெள்ளம் வருகிறது, தரைப்பாலம் வழியே பஸ் வராது, மதியத்தோடு பள்ளி விடுகிறோம், பெற்றோர் சுற்றுவழியாக வந்து பிள்ளைகளை அழைத்துப் போகவும், யாரையும் தனியே பாலத்தைக் கடக்க விட வேண்டாம் என்று. நல்ல தமிழில், தவறில்லாமல் எழுதியிருந்தார்கள்.

நான் படித்து முடித்தேன். செவ்வந்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தன் போனை எடுத்துப் பார்த்தாள். அமுக்கிக் கேட்க அதில் ஒன்றும் இல்லை. எழுத்து மட்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

கேட்கட்டும் என்று இருந்தேன், டீச்சர். ஒரு வார்த்தை, என்னா போட்டிருக்குது ஐயா என்று கேட்டால் போதும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டாள். நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பேத்தியை அழைத்து வரக் கிளம்பினேன். பள்ளியிலிருந்து ஆள் அனுப்புவார்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டார் யாராவது சொல்வார்கள் என்று வழியில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

பள்ளி வாசலில் நல்ல கூட்டம். ஜெயசுதாவை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பும்போது பூமாலை ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். எங்கள் கரும்பில் அவள் அம்மா இருப்பது அவளுக்குத் தெரியும்.

“தாத்தா, எங்கம்மா வருதா?”

வரும் என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள் என்று பல நாள் எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். வண்டியில் இன்னொரு பிள்ளைக்கு இடம் இருந்தது. மூன்று பேராக நாங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஜெயசுதா என் முதுகில் தட்டி, அவளையும் ஏற்றிக்கலாம் தாத்தா என்றாள். அவள் அம்மா வந்து அழைத்துக்கொள்வாள், நீ பேசாமல் உட்கார் என்று சொல்லி வண்டியை விட்டேன்.

பூமாலை வெகுநேரம் நின்றிருக்கிறாள். கூட்டம் கரைந்த பிறகு, எங்கம்மா வந்துகினு இருக்குது, நான் எதிர்ல போறேன் என்று வாசலில் இருந்த சாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அம்மா வருவதானால் பாலம் வழியாகத்தான் வருவாள் என்று அவளுக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறாளோ என்று இறங்கிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்ததாம். அடித்துக்கொண்டு போய்க் கீழே வேலிக்காத்தான் புதரில் சிக்கவைத்தது. பால் வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிவேல் இறங்கித் தூக்கினான். இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, நல்லபடியாகப் பார்த்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. இப்போது கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். புத்தகப்பை போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பள்ளி விட்ட சேதியை ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று செவ்வந்தி கேட்பாள், கேட்டால் சண்டை போடலாம் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவள் கேட்கவில்லை. நானாகவே, அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றேன். “வயசானா அப்டித்தான், ஐயா. நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று சொல்லி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு மறதி கிடையாது, டீச்சர். உங்கள் குரலில் வந்த அறிவிப்புகளில் எந்தெந்த நாள் குக்கர் கத்தியது என்று மனுவில் தேதி போட்டு எழுதியவன் நான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். என் பாரம் என்னோடு போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் செவ்வந்தி இனி பூமாலையைப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை என்கிறாள். காரணம் கால் இல்லை. கால் பங்குனிக்குள் சரியாகிவிடும், பரீட்சை எழுதலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வண்டி வைத்து அழைத்துப்போகிறோம், கீழ் அறையிலேயே உட்கார வைக்கிறோம் என்று தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து கேட்டார். செவ்வந்தி அசையவில்லை. அவரிடம் அவள் சொன்னதை நானும் நின்று கேட்டேன்.

“நான் வர்றேன்னு இவளுக்கு ஆரு சார் சொன்னது? வாய் கூசாம பொய் சொல்லிட்டு ஓடைய பாக்க போயிருக்குது. பொய் சொல்ற பொண்ண வெளிய வுட்டுட்டு நான் காட்ல நிம்மதியா வேல செய்ய முடியாது. படிச்சது போதும்.”

பூமாலை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கண்ணுக்கு எதிரே நின்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். அம்மா அடித்துக் கேட்டபோதும் சும்மா போனேன் என்றுதான் சொன்னாளாம். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு வேலை கொடுக்கிறவன் என்ற பயமா, வயதுக்குத் தருகிற மரியாதையா, இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா. எதுவாக இருந்தாலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஜெயசுதா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. நீயே போய்ச் சொல், நான் சொல்லமாட்டேன் என்று அவள் கடைசியாகப் பேசியதோடு சரி.

போனேன், டீச்சர். ஒரு நாள் இல்லை, பல நாள் போனேன். கரும்பு வெட்டு எப்போது என்று பேசினேன். கூரையில் ஓடு நழுவியிருப்பதைக் காட்டினேன். டீ கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. மனுவானால் நாலு பக்கம் எழுதுகிற கை இது. வாய் வரவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க மாசி மாதம் வேன் வரும். கால் ஊன்ற முடிந்ததும் பூமாலையை அதில் அனுப்பப் பேசி வைத்திருக்கிறாள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். செவ்வந்தி யார் பேச்சையும் கேட்கவில்லை, ஆனால் இப்போதும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறாள். டீச்சரம்மா இருந்திருந்தா அன்னிக்கி என் காதுல வுழுந்திருக்கும் என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

நீங்கள் டவர் கிடைக்கிற இடத்துக்கு வரும்போது அவள் நம்பருக்கு ஒரு பேச்சு அனுப்புங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். பகல் வேளையில் அனுப்புங்கள். அவள் வேலையோடு வேலையாகச் சத்தமாகத்தான் போட்டுக் கேட்பாள், கூட இருக்கிற பெண்கள் எல்லோர் காதிலும் விழும். விழட்டும். பூமாலை பொய் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். அம்மா வரும் என்று அவளிடம் சொன்னது கொளஞ்சியப்பன் என்று சொல்லுங்கள். அந்தாளுக்கு மறதி இல்லை, படித்துவிட்டுத்தான் சொல்லாமல் போனான் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். பிறகு பரீட்சையைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதைப் பேசுங்கள். எனக்காக நல்லதாக எதையும் சேர்க்க வேண்டாம். வயதானவர், மனது கேட்காமல் எழுதியிருக்கிறார் என்றெல்லாம் சொன்னால் அவள் இரங்கிவிடுவாள். அவள் இரங்க வேண்டியது மகளுக்கு.

அறிவிப்பு எழுத்தில் வர வேண்டும் என்ற என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. எழுத்தும் வரட்டும், பேச்சும் வரட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் போன வாரம் சொன்னேன். அதை மனுவாகக் கொடுங்கள் என்றார். கொடுத்துவிட்டேன்.

உங்கள் பேச்சு வருகிற வரைக்கும் தினமும் என் கரும்பில் வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். செவ்வந்தி அதைக் கேட்கும்போது நானும் வரப்பில்தான் நிற்பேன். எங்கும் போகமாட்டேன்.

மலையில் இப்போது பனி அதிகம் என்கிறார்கள். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.

இப்படிக்கு,
உங்கள் பதிலைக் கேட்கக் காத்திருக்கும்
கொளஞ்சியப்பன்