டிவி கேம் வயரை இழுத்த கால்

ஞாயிறு 8
காலையிலேயே புழுக்கம். கடை லீவு. பரணைச் சுத்தம் செய்ததில் சின்ன வயது டிவி கேம் கிடைத்தது. மூடி உடைந்த பெட்டி, மஞ்சள் கேசட் இரண்டு. மாடியில் கிடந்த பழைய டிவியில் மாட்டி, கேசட்டை ஊதிப் போட்டேன். ஓடியது! அதே பாட்டு. அந்த நாளில் அம்மா டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்து, "சூடாவுதுபா, நிறுத்து" என்பது காதில் விழுந்த மாதிரி. நாற்பத்திரண்டு வயதில் கண் கலங்குவது கொஞ்சம் ஓவர்தான்.

குமாருக்குப் போன். பள்ளிக்கூட நண்பன், இரண்டு தெரு தள்ளிப் பட்டுத் தறி நெய்கிறான். மாலையில் மனைவி ஜெயாவோடு வருகிறான்.
வாங்க வேண்டியது: சமோசா, பால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

திங்கள் 9
நேற்று நடந்ததை எழுதவே கூச்சம்.

அந்தக் காலத்துச் சட்டப்படிதான் ஆடினோம்: ஒரு உயிர் போனால் ரிமோட் கை மாறணும். சின்ன வயதில் ஒரு நாளும் எட்டாத கடைசிக் கோட்டைக்குப் போய்விட்டேன். படக்கென்று டிவி அணைந்தது. சின்ன வயதில் தோற்கும் நிலைமை வந்தால் குமார் கால் விரலால் வயரை இழுத்துவிடுவான். அந்த நினைப்பில் கத்திவிட்டேன்:

"நாள் பூரா தறியில மிதிக்கட்டைய மிதிக்கிற காலு, சும்மா இருக்குமா?"

தறிக்காரனிடம் சொல்லும் பேச்சா அது? அதுவும் ஜெயா எதிரில். "நான் தொடவே இல்லபா" என்றான் குமார். எழுந்தான். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

செவ்வாய் 10
தூறல். மகள் நிலோ ஞாயிறு அன்று தன் போனில் எடுத்த வீடியோ: "அத்தா, இதப் பாருங்க." ஆட்டத்தில் பொம்மை குதிக்கும்போதெல்லாம் உட்கார்ந்தபடி நானும் குதிக்கிறேன். என் முழங்கால் வயரைத் தூக்குகிறது. டிவி அவுட். குமார் தள்ளிச் சப்பணமிட்டு உட்கார்ந்து, எனக்காகக் கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

கூனிக் குறுகிப் போனேன். போன் செய்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். என் மனைவி பாத்திமா: "எழுதறதெல்லாம் வேணாம், நேர்ல போங்க. கத்தத் தெரிஞ்சுதில்ல?"

புதன் 11
போகவில்லை. கடையில் கூட்டம் என்று வீட்டில் சொன்னேன். ஈ ஓட்டினேன்.

வியாழன் 12
மழை விட்டிருந்தது. விடிந்ததும் போனேன். குமார் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு, தறியில் ஏற்றும் நீள இழைகளை, விரித்திருந்தான். அந்த முனையில் அவன், இந்த முனையில் இழை கோர்த்த கோலைப் பிடித்தபடி ஜெயா. என்னைப் பார்த்ததும், "வந்தீங்களா? இந்தக் கோலப் புடிங்கண்ணா, அடுப்புல பால் இருக்குது" என்று கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விட்டால் இழையெல்லாம் தொய்ந்து சிக்காகும். நகர முடியாது. மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. இரண்டு பக்க வாசலிலும் ஆட்கள், வாயில் பிரஷ்ஷோடு.

"குமாரு! வயர இழுத்தது என் காலுதாம்பா!"

"கேக்கல!"

இன்னும் கத்தினேன். டீக்கடை வரை கேட்டிருக்கும். யாரோ, "இன்னா வயரு பாய்?" என்று சிரித்தார். காது மடல் எரிந்தது.

"மிதிக்கட்டன்னு சொன்னியே, அது?"

"தப்புபா! சொல்லியிருக்கவே கூடாது!"

குனிந்து இழைகளை நீவிக்கொண்டே இருந்தான். எனக்குக் கை வலித்தது. அப்புறம் நிமிர்ந்தான்.

"கோல இறுக்கிப் புடிடா. உனக்கு ஒரு உயிர் போயிடிச்சு. சாயந்திரம் வந்துடறேன், ரிமோட்டு எங்கிட்ட."