காப்புக் கட்டும் முன்

அன்புள்ள தமிழ்மொழி அப்பாவுக்கு, இசைவாணி எழுதுவது.

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிச்சுக்குங்க. நம்ம பாப்பா தமிழ்மொழிக்குச் சளி, இப்போதுதான் கண் அசந்தாள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "டூட்டி இருக்கு" என்று வைத்துவிடுகிறீங்க. காலையில் பகலவன் அண்ணன் ஓசூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இதையாவது பாதியில் வைக்காமல் படிங்க.

மலைப்பக்கம் மழை பெய்தும் இங்கே ஒரு தூறல் இல்லை. மரவள்ளி வாடிக் கிடக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பந்தக்கால் நட்டாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை காப்பு. அத்தை உங்களுக்கு மஞ்சள் வேட்டி எடுத்து வைத்துவிட்டார்கள். பெரியவன் விட்ட குறையைச் சின்னவன் தீ மிதித்துத் தீர்க்கணுமாம்.

போன வருஷம் காப்போடு உங்க அண்ணன் செத்துப்போனதை ஊர் இன்னும் தீட்டு என்றுதான் பேசுகிறது. தூரமான நாளில் அவர் சம்சாரம் செவ்வந்தி அக்கா அவருக்குச் சோறு போட்டுவிட்டாளாம், ஆத்தா அடித்துவிட்டாளாம். அக்கா குழாயடிக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறாள். நேற்று அங்கேதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். காப்புக் கட்டின அன்றே அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். இவள் கேட்டதற்கு, "விரதத்துல மாத்திரை இன்னாத்துக்கு? ஆத்தா பாத்துக்குவா, நீ வாயை மூடிக்கினு இரு" என்றாராம். தலையில் ரத்தக்குழாய் வெடித்தது என்று டாக்டர் சொன்னாரே, அதை ஊரில் யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

கம்பெனி மருத்துவ முகாமில் உங்களுக்கும் பிரஷர் ஜாஸ்தி என்று மாத்திரை கொடுத்தார்கள். "குடியில்ல, பீடியில்ல, எனக்கு இன்னா வரும்" என்று சிரிச்சீங்க. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் போனதிலிருந்து நம் பக்கத்து ஆம்பளைகளுக்கு இப்படி ஒரு தைரியம் வந்துவிட்டது, சாராயம் தொடாதவனுக்குச் சாவே இல்லை என்பதுபோல. உங்க அண்ணன் தொட்டாரா? உங்க அப்பா தொட்டாரா? அவர் நாற்பதைக்கூடத் தாண்டவில்லை.

வீட்டில் உப்பைக் கம்மி பண்ணியிருக்கிறேன், கருவாடு வாரம் ஒருமுறைதான். "இது வூடா ஜெயிலாடி" என்று அத்தை தட்டைத் தள்ளிவிட்டு, ஊறுகாய் ஜாடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போகிறார்கள். நர்ஸ் அக்கா பிரஷர் பார்க்க வந்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்கிறார்கள். இருக்கிறது என்று தெரிந்தால்தான் வியாதியாம்.

இன்று சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் பூசாரி சுப்புராயன் தாத்தாவைப் போய்ப் பார்த்தேன். காப்புக் கட்டினவர் மாத்திரை போடலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நானே சுகர் மாத்திரை போட்டுக்கினுதாம்மா கரகம் தூக்கறேன். கவிச்சிதான் ஆகாது. மாத்திரைக்கு இன்னா தீட்டு?" என்றார். அப்படியானால் போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கலியேம்மா" என்றார். திரும்பி வந்த வழியில் செவ்வந்தி அக்கா எதிரே வந்தாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

தீ மிதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அத்தையின் மனசு எனக்கும் தெரியும். வாங்க, மிதிங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. அத்தை எதிரில் போட வேண்டாம் என்றால் தண்ணீரோடு கொல்லைக்கு நான் கொண்டுவந்து தருகிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும். சொல்லட்டும், எனக்கு அது பயமில்லை. போன ஞாயிறு பேசும்போது காலையிலிருந்து தலை பாரமாக இருக்கிறது என்றீங்களே, அதுதான் பயம். இப்போதே நிறுத்திவிட்டீங்களா?

அந்தத் தாய் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். மாத்திரை போடுகிறீங்களா இல்லையா, என் மனசுக்காகப் பொய் சொல்லாமல் எழுதுங்க. பகலவன் அண்ணன் திங்கட்கிழமை திரும்புகிறார். அவர் கையிலேயே பதில் கொடுத்தனுப்புங்க.

உங்கள்,
இசைவாணி