கடல் மீனுக்குப் பொரி

திருவனந்தபுரம்
9-2-1975, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆவுடைத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. அம்பாசமுத்திரத்தில் நீயும் செண்பகவல்லி அக்காவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் இதைத் தொடங்குகிறேன். அக்காவுக்குக் கால் வீக்கம் வற்றியதா? இந்தக் கடிதத்தை நீயே எழுத்துக் கூட்டிப் படி. எத்தனை நேரம் ஆனாலும் சரி, அத்தானிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. அக்காவுக்கு இதில் ஒரு வார்த்தைகூடத் தெரியக் கூடாது. ஒன்பது மாதம் ஆன பிள்ளைத்தாய்ச்சி.

நேற்று அப்பா சொல்லச் சொல்ல நான் ஒரு கார்டு எழுதினேன். எல்லாரும் சுகம், லாட்ஜில் கூட்டம் குறைவு, காய்ச்சல் விட்டுவிட்டது என்று அதில் இருக்கும். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் பாதிதான். அப்பா அடுப்படியிலேயே படுத்துத் தூங்குகிறார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை எழுதுகிறேன். கட்டுரை நோட்டில் தாள் கிழித்ததற்கு டீச்சர் திட்டுவார்கள். திட்டட்டும்.

இங்கே நம் கடற்கரையில் சுறா இரண்டு பேரைக் கொன்றுவிட்டது. பேப்பரில் வந்ததாம், அங்கேயும் பேசியிருப்பார்கள். முதலில் செத்தது அப்பா சமைக்கிற நம் லாட்ஜில் மாடி அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன். அப்பாவிடம் தினமும் இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவானே, அவன்தான். நீ ஊருக்குப் போன ஒன்பதாம் நாள். மீன் விற்கிற தாசம்மாளின் புருஷன் வலையைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்து அவனை இழுத்து வந்தார். சுறா பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததாம். கரையில் நின்ற அத்தனை பேரும் பின்னால் ஓட, அவர் ஒருவர் மட்டும் முன்னால் ஓடினார். பையன் பிழைக்கவில்லை. மறுநாள் பேப்பரில் வெள்ளைக்காரன் பெயர் இருந்தது, லாட்ஜின் பெயர் இருந்தது, தாசம்மாள் புருஷன் பெயர் இல்லை. நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கிழக்கே கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கடலை விற்றார்கள், சர்பத் விற்றார்கள். எந்த இடம், எந்த இடம் என்று கேட்டுக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். அரைகுறையாக உடுத்திக் குளித்ததால் கடலம்மைக்குக் கோபம் என்று ஒருவர் சொன்னார். அது சுறாவே இல்லை, பாறையில் அடிபட்டதுதான் என்று இன்னொருவர். எட்டாம் நாள், இதெல்லாம் புரளி என்று கூட்டாளிகளிடம் பந்தயம் போட்டுக் குளிக்க இறங்கிய ஒரு காலேஜ் பையன் திரும்பி வரவில்லை. அது ஒன்றாம் தேதி, சனிக்கிழமை காலை.

அன்று சாயங்காலம் அவனுடன் படிக்கிறவர்கள் வந்து நம் லாட்ஜின் கண்ணாடி எல்லாவற்றையும் கல்லால் அடித்தார்கள். தங்கியிருந்தவர்கள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை. மனுஷனைத் தின்ற மீன் என்கிறார்கள். அயிலையும் சாளையும் என்ன செய்யும் அம்மா, அவை சாண் நீளம். தாசம்மாளின் கூடையை பஸ்ஸில் ஏற்றக்கூட விடவில்லை. கண்டக்டர், "அம்மச்சி, ஆளைப் பிடிக்கிற சாமானெல்லாம் இதில கேற்றண்டா" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவள் சாலைச் சந்தை வரைக்கும் நடந்து போய், ஒரு மீன் விற்காமல் நடந்தே திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னிடமும் கேட்கிறார்கள், "உங்க லாட்ஜில இன்னைக்கு என்ன கறி? கை மசாலாவா, கால் மசாலாவா?" என்று.

இப்போது எல்லாரும் சேர்ந்து மீன்பிடிக்கிறவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். கரையில் மீன் அறுத்து, குடலைத் தண்ணீரில் போட்டு, அவர்கள்தான் சுறாவைக் கூப்பிட்டார்கள் என்று லாட்ஜ்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தோணி, வலை எல்லாவற்றையும் பாறைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமாம். நாளைக் காலை பத்து மணிக்குத் தாசில்தார் வந்து நம் லாட்ஜ் முற்றத்தில் விசாரிக்கிறார்.

அம்மா, அவர்கள் கூப்பிடவில்லை. யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிடுகிறேன்.

அக்காவுக்கு இரண்டு தடவை தங்காமல் போனதால், இந்தத் தடவை பேறுகாலம் வரைக்கும் தினமும் மீனுக்கு இரை போடுகிறோம் என்று பாபநாசத்தில் நேர்ந்துகொண்டோமே. நீ கிளம்பும்போது அப்பாவிடம் ஒரு நாள் விடாமல் போடச் சொல்லிவிட்டுப் போனாய். அப்பா விடவில்லை. முதல் இரண்டு நாள் பொரிதான் போட்டார். பொரி அலையில் மிதந்து கரைக்கே திரும்பி வந்தது. "கடல் மீனுக்குப் பொரி பிடிக்கல போலுக்கு, அதுக்குப் பிடிச்சதத்தானே போடணும்" என்று சொல்லி, அடுக்களையில் கழிகிற மீன் தலை, குடல், கோழிக் கழிவு எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு போய்ப் பாறையிலிருந்து கொட்ட ஆரம்பித்தார். கழிவைக் குழியில் புதைத்தால் நாய் தோண்டுகிறது, வெள்ளைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், வேறு வழி பார் என்று மானேஜர் சேஷன் சாரும் மார்கழியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இரண்டு காரியமும் ஒன்றாக முடிந்த சந்தோஷம். கொட்டும்போது, "தின்னுங்க மக்கா, எம் பிள்ளைக்கு நல்ல வாக்கு சொல்லுங்க" என்பார். ஆற்றங்கரையில் பிறந்தவர் அம்மா. படித்துறையில் காலைக் கடிக்கிற கெண்டை மாதிரிதான் எல்லா மீனும் என்று நினைத்துவிட்டார். வெள்ளைக்காரப் பையன் போன பிறகும், பாறையில் அடிபட்டதுதான் என்று சொன்னவர்களை நம்பி விடாமல் போட்டார்.

தாசம்மாள் ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அண்ணாச்சி, இதை இவிட இடண்டா. மண்ணில குழிச்சு இடுங்க." அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்தார். "மீன் தலைய அவ கொழம்புக்குக் கேக்கா தாயி. நேரா கேட்டா குடுத்திர மாட்டனா?" மறுநாள் நல்ல தலையாக இரண்டை எடுத்து இலையில் கட்டிக் கொடுத்தார். அவள் பொட்டலத்தையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு நல்ல மனிதரிடம் இரண்டாம் தடவை சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

காலேஜ் பையன் போன அன்றைக்கு மாலையில், காய்ச்சல் குறைந்து எழுந்த அப்பா வழக்கம்போல வாளியோடு போனார். கல்லெறிக்குப் பயந்து நானும் பின்னால் ஓடினேன். அப்பா வாளியைச் சாய்க்கவே இல்லை. அதற்குள் கீழே தண்ணீர் அசைந்தது. பழவங்காடியில் அந்தப் பழக்கடை வாசலுக்குத் தினமும் அதே நேரத்துக்கு வந்து நிற்குமே ஒரு மாடு, அது மாதிரி அது வந்து நின்றது. சாம்பல் நிற முதுகு, ஒரு தோணி அளவு. அப்பா அதைப் பார்த்தார். வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். அன்று யாருக்கும் சோறு வைக்கவில்லை. நேர்த்திக்கடனும் அன்றோடு நின்றுபோனது. அது நின்றதால் அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடாதே?

வெள்ளிக்கிழமை சேஷன் சார் அடுக்களைக்கு வந்தார். "சொரிமுத்து, தாசில்தார் கேட்டா, கழிவெல்லாம் குழி வெட்டிப் புதைக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம். உன் வேலைக்கும் இந்த ரூமுக்கும் நான் கேரண்டி" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் தாசம்மாள் பின்வாசலுக்கு வந்தாள். கூடை இல்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆகிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி பேடிக்கண்டா. வாளி காரியம் நான் ஆரிடத்தும் சொல்லல. எங்க வீட்டுக்காரரிடத்தும் சொல்லல. பெண்பிள்ளை உள்ள வீடு." அப்பா இலையை விரித்துச் சோறு அள்ளி வைத்தார். பிறகு, "உங்க ஆளுகள பாறைக்கு அந்தப் பக்கம் போவச் சொன்னா என்ன செய்வீக?" என்று கேட்டார். "அவிட தோணி எறக்க ஒக்காது. அலை அடிச்சு ஒடைச்சிடும். பின்ன என்ன, பட்டினிதான். அது எங்களுக்குப் புதுசா?" என்றாள். அப்பா சோறு போட்டுக் கொடுத்ததை அவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை, முந்தானையில் மறைத்து எடுத்துப் போனாள்.

ஒரு வார்த்தையில் தன் வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம் அவள். அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, நம்மிடம் பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எனக்கு இப்படி ஒருவரைத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும்போல இருக்கிறது, சொல்ல முடியாது.

அவள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "திங்கக்கிழமை நான் உள்ளதச் சொல்லிரப் போறேன் தாயி" என்றார். என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "வேலைய எடுப்பாங்க. ஆரியசாலையில வேற அடுப்பு கெடைக்காமலா போவும்?" என்றார். அடித்தால் என்று கேட்டேன். "புள்ளையப் பறிகுடுத்தவங்க அடிச்சா வாங்கிக்கிட வேண்டியதுதான்" என்றார். நம் அப்பா பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்கிறவர். போலீஸ்காரரைக் கண்டால் தெருவைத் தாண்டி நடக்கிறவர். அவர்தான் இதைச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அம்மா, அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது. பயமும் பெருமையும் ஒன்றாக வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "நீ ஒரு நாளும் பாறைக்குப் போனதில்ல. என்ன, கேட்டியா? தெனமும் கொட்டினது நான்தான்."

அம்மா, ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அப்பா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். நேர்த்திக்கடன் விட்டுப்போகக் கூடாதே என்று நான்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பாவைவிட நன்றாகப் போட வேண்டும் என்று நினைத்து, அடுக்களையில் இருந்ததை எல்லாம் வழித்து எடுத்துப் போனேன். அக்கா பெயரைச் சொல்லித்தான் கொட்டினேன். மறுநாள் காலையில்தான் அந்தக் காலேஜ் பையன் இறங்கினான்.

அப்பா நாளைக்கு எல்லா நாளையும் சொல்வார், அந்த ஒரு நாளையும் தன் நாளாகச் சொல்வார். அது எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக் கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் இதைத் தபாலில் போட்டுவிட்டு, திரும்பி வந்து முற்றத்தில் அவர் பக்கத்தில் நிற்பேன். வாய் வருமா என்று தெரியவில்லை. காலையில் தைரியம் இருக்குமா என்றும் தெரியவில்லை. அதனால்தான் இப்போதே உனக்கு எழுதி வைக்கிறேன். உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது.

நீ நேர்ந்துகொண்டதால் வந்தது என்று மட்டும் ஒருக்காலும் நினைத்துவிடாதே. நீ பொரிதான் போடச் சொன்னாய்.

இது உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை ஆகிவிடும், திங்கட்கிழமை முடிந்து போயிருக்கும். இருந்தாலும் கேட்கிறேன். சாமிக்கு முன்னே பின்னே கிடையாது என்று நீதானே சொல்வாய். அக்காவை அத்தையிடம் விட்டுவிட்டு ஒரு தடவை பாபநாசம் படித்துறைக்குப் போ. ஒரு படி பொரி வாங்கு. அக்கா பிள்ளைக்கு ஒரு கை போடு. எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு அம்மாவுக்கு இந்நேரம் தந்தி போயிருக்கும், அவள் பையனுக்கு ஒரு கை. காலேஜ் பையனுக்கு ஒரு கை. அவன் பெயர் வன்னியராஜ், அதைச் சொல்லிப் போடு.

எங்களுக்காக ஒன்றும் போட வேண்டாம். எல்லாம் போட்டு முடித்து ஆற்றில் கை கழுவும்போது, நாளைக்கு அந்த முற்றத்தில் நிற்கப்போகிற இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள் அம்மா. ஒருவரை மட்டும் நினைத்துவிடாதே.

உன் பாதம் தொட்டு,
உன் சின்ன மகள்
ஆவுடைத்தாய்