கண் சிமிட்டாத நர்ஸ் பொம்மை

அம்மாவுக்கு மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கத்துக்காக, கையசைத்து வரவேற்கும் நர்ஸ் பொம்மையை அனிமேஷனாகச் செய்தேன். உங்கள் முகச்சாயலில்தான் வரைந்தேன். ஃபைல் கனமாக இருந்ததால் போனில் பக்கம் திறக்க நேரமானது.

"பாதியாக் குறைச்சிடும்மா" என்றார் மேலாளர்.

முதலில் தலைமுடி அசைவதை எடுத்துவிட்டேன். அடுத்து கண் சிமிட்டுவதை, பிறகு சிரிப்பதை. கை மட்டும் ஆடியது.

"இப்ப சட்டுனு வருதே!" என்று சந்தோஷப்பட்டார். அது யார் முகமென்று நான் சொல்லவில்லை. வருத்தமெல்லாம் இல்லை அம்மா, ஒன்றுமே தோன்றவில்லை. போய்ச் சாப்பிட்டேன்.

தம்பியிடம் உங்களை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் போதும். வந்து சேர எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, சுருக்காமல் அனுப்பட்டும்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்