கெயின் இரண்டு, மிடில் ஏழு

மார்ச் 4

என் கிடார் ஆம்ப்ளிஃபயர் செத்துப்போனது. ஒத்திகையில் இரண்டாவது பாட்டின் நடுவில் பின்பக்கமிருந்து குபுகுபுவென்று புகை. பல் டாக்டர் ட்ரம்ஸை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். “கரண்ட்ல தண்ணி ஊத்தாதடா, முட்டாளே!” என்று கத்தினேன். இவனை நம்பித்தான் ஊரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. புதிது வந்து சேர இரண்டு மாதமாவது ஆகும் என்கிறார் ரிப்பேர் கடைக்காரர். பல் டாக்டர் கிளினிக் ஆரம்பித்து இருபத்தைந்து வருடம் ஆன விழா இந்த மாதக் கடைசியில். நாங்கள் கிழவர்கள் நாலு பேரும் பழைய ராக் வாசிப்பதாக அழைப்பிதழே அடித்துவிட்டான்.

செத்துப்போனது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு பெட்டிக்கு.

மார்ச் 5

பல் டாக்டர் போன் செய்தான். “உன் வீட்டுலயே ஒண்ணு சும்மாதானேடா இருக்கு.”

வைத்துவிட்டேன்.

மார்ச் 8

சும்மா இருக்கிறதாம்.

என் பெண் வாலுவின் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன ஜூலையில் விட்டுப்போன இடத்திலேயே அவள் ஆம்ப் நிற்கிறது. நூறு வாட், என் இடுப்பு உயரம். வேலையில் சேர்ந்த முதல் வருடம் வாங்கினாள். அது வந்த அன்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஹெவி மெட்டல். என் மனைவி நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்கவேண்டியவள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பாள்.

காய்ச்சல் என்று படுத்தாள் என் பெண். ஐந்தாம் நாள் இல்லை. இருபத்தாறு வயது.

குமிழ்களை நான் தொட்டதில்லை. அவள் கை கடைசியாகப் பட்ட இடம். நம்பரெல்லாம் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன். கெயின் ஒன்பது. கனத்த ஒலிக்குப் பாஸ் எட்டு. நடு ஒலிக்கு மிடில் இரண்டு. கீச்சு ஒலிக்கு ட்ரெபிள் ஒன்று. ட்ரெபிளை ஏன் அவ்வளவு கீழே வைத்தாள் என்று இன்று முழுக்க யோசித்தேன். ஏதாவது காரணம் இருந்திருக்கும். அவள் காரணமில்லாமல் செய்கிறவள் இல்லை.

மிடிலுக்காக எத்தனை சண்டை! “அதைக் குறைக்காதடி, கிடாரோட உயிரே அங்கதான் இருக்கு” என்பேன். “உயிர நீங்க வச்சுக்கோங்க, எனக்கு இடி போதும்” என்பாள். கெயினைப் பற்றி நான் முணுமுணுத்தால் அதற்கும் ஒரு பதில் இருக்கும்: “உங்க பாட்டுக்கெல்லாம் என் ஆம்ப்ல கெயின் ரெண்டு போதும்ப்பா. மீதி எட்டு என்னோடது.”

மார்ச் 10

ஆன் செய்தேன். சுவிட்சை மட்டும்தான் தொட்டேன். என் கிடாரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினால் தகர டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி ஒரு இரைச்சல். கெயின் என்றால் சத்தம் இல்லை, கரகரப்பு. ஒன்பதில் வைத்தால் எந்தத் தந்தியைத் தொட்டாலும் ஒரே குழம்பு. எங்கள் பாட்டுக்கு வேண்டியது லேசான கரகரப்பு. மெதுவாகத் தொட்டால் பாடவேண்டும், அழுத்தினால் மட்டும் அதட்டவேண்டும்.

கெயினைக் குறைக்க மனம் வரவில்லை. அப்போதுதான் தோன்றியது. ஆம்பைத் தொடாமல் கிடாரிலேயே வால்யூமைக் குறைத்தால்? மூன்றுக்கு இறக்கினேன். வண்டு அடங்கியது. தந்திகளைச் சேர்த்து ஒரு கார்டு அடித்தேன் — கிட்டத்தட்ட என் சத்தம்!

“வாலு, பாத்தியா!” என்று திரும்பிவிட்டேன்.

கட்டில்தான் இருந்தது. அதற்குமேல் வாசிக்கவில்லை.

மார்ச் 14

குமிழ்களின்மேல் அட்டையை வைத்துக் கட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோனேன் ஒத்திகைக்கு. தனியாக வாசிக்கும்போது நன்றாக இருந்தது. எல்லாரும் சேர்ந்தார்களோ இல்லையோ, என் கிடார் காணாமல் போய்விட்டது.

“உன் விரல் ஆடுது, சத்தத்தக் காணோமே. எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?” என்றான் பல் டாக்டர்.

எனக்குத் தெரியாதா? மிடில் இரண்டில் இருந்தால் அப்படித்தான். ட்ரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்து விழுங்கிவிடும்.

“மிடில ஏத்தி, கெயின எறக்குடா. ரெண்டே திருகு.”

“முடியாது.”

“போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுத் திருப்பு. வாசிச்சு முடிச்சதும் பழையபடி வச்சுடலாம்.”

எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். “போய்ப் பல்லப் புடுங்குற வேலையப் பாரு! உனக்கு என்னடா தெரியும்? உன் ரெண்டு பசங்களும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க!” என்றேன். அவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தான்.

மார்ச் 15

மூன்று தடவை போன் செய்துவிட்டான். எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

மார்ச் 18

என் கண்ணாடிக் கடையில் இன்று கண் பரிசோதனைக்கு ஒரு பெண். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது அங்கிள். நீங்களே ஒண்ண முடிவு பண்ணுங்க” என்று சிரித்தாள். வாலு வயதுதான் இருக்கும்.

நாளைக்குப் போட்டோ எடுத்துவிடுவது. திருப்பி வைக்கத்தானே போகிறேன். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை.

காலையில் போனோடு அறைக்குப் போனேன். வாலுவின் அம்மா அங்கே இருந்தாள். கையில் துணி, பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டில். ஆஸ்பத்திரியில் நர்ஸ், தூசியைக் கண்டாலே ஆகாது. அறையைப் பெருக்குவாள் என்று தெரியும். ஆனால் ஆம்ப்பின் முன் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குமிழாகத் துணியால் பிடித்து, நன்றாகத் திருகித் திருகித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்ற!” கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

“துடைக்கிறேன். வாராவாரம் துடைக்கிறதுதானே.”

“வாராவாரமா?”

“அவ போனதுலேருந்து. போன ஞாயிறுதான் டூட்டி, விட்டுப்போச்சு. ஏங்க, என்ன ஆச்சு?”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது, எட்டு, இரண்டு, ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய்விடுவேன், எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக இவள் திருகிவிட்ட நம்பரைத்தான் நான் சாமி மாதிரி காத்துக்கொண்டிருந்தேனா? அதற்கு முந்தின வாரம் வேறு நம்பரா? அதைக்கூடப் பார்க்கவில்லையே நான்! அறைக்குள் போகவே தைரியமில்லாமல் வாசலில் நின்று திரும்பிக்கொண்டிருந்த மனுஷன், இந்த மாதம்தானே கிட்டப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை அவள் வைத்தது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ட்ரெபிளுக்குக் காரணம் வேறு கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்!

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ கை பட்டது எல்லாத்தையும் நானே அழிச்சிட்டேனா?”

“இல்லடி” என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கடைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 20

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. இவள் டூட்டிக்குப் போய்விட்டாள். போய்விட்டாள் என் பெண். ஒரு குமிழ்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 22

நெட்டை வந்திருந்தாள். வாலுவின் பேண்டில் பேஸ் வாசித்தவள், கதவில் தலை இடிக்கும். நானாகக் கூப்பிடவில்லை. வாலுவின் அம்மாதான் போன் செய்து, “அவ எப்படி வச்சிருப்பான்னு உனக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறது.

ஆம்ப் முன் குனிந்தாள். “கெயின் எட்டு அங்கிள். பாஸ் நாலு. ட்ரெபிள் ஆறு.” ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தவள் மிடிலில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை.

“இது ஏழு.”

“மிடிலா? ஏழா? அவளா? இருக்கவே இருக்காது.”

“நீங்க சொன்னதுதான் அங்கிள். கம்மியா வச்சா பேண்டுக்குள்ள அவ வாசிக்கிறதே எங்களுக்குக் கேக்கல. ஒருநாள் ஏத்திப் பாத்தா. அதுக்கப்புறம் எறக்கவே இல்ல. கடைசி ஒரு வருஷமா ஏழுதான். ‘எங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாத, ஊர் பூரா சொல்லிக் காட்டுவாரு’ன்னா. வீட்டுல வாசிக்கும்போது மட்டும் எறக்கி வச்சுடுவா.”

சொல்லிக் காட்டியிருப்பேன்தான். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன். சொல்லிக் காட்ட ஆள் வேண்டாமா?

நெட்டை முன்னால் அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். இவள் வந்து என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். என்ன அழுகை அது! நெட்டையும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 23

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன், “ஆறு மணிக்கு வந்துடு, லேட் பண்ணாத” என்றான். அவ்வளவுதான்.

மார்ச் 30

விழா முடிந்தது.

கெயினை நானே இரண்டுக்கு இறக்கினேன். பாஸைக் கொஞ்சம் குறைத்தேன். மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை ஏற்றினேன். மிடில் ஏழு. அதை மட்டும் தொடவில்லை. முதல் பாட்டுக்கே பல் டாக்டர் ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து புருவத்தை உயர்த்தினான். அப்படி ஒரு சத்தம். என் பழைய ஆம்பில்கூட வந்ததில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. வாலு சொன்னது சரி, இரண்டு போதும்.

கடைசிப் பாட்டின் கடைசிக் கார்டு. அடித்துவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிக் கெயினைப் பத்துக்குத் தள்ளினேன். மீதி எட்டு அவளுடையது அல்லவா. மண்டபம் அலறியது. பல் கட்டிக்கொண்டு வந்திருந்த பெரியவர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதல் வரிசையில் இவள், டூட்டியிலிருந்து யூனிஃபார்மோடு அப்படியே வந்தவள், பொத்தவில்லை. சத்தம் தானாக அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாலுவின் அறையிலிருந்து ஸ்ப்ரே அடிக்கும் சத்தம். மூன்று வாரமாக இவள் துணியோடு அந்தப் பக்கம் போகவில்லை. செருப்பைப் போடாமல் நின்றேன்.

“ஏங்க! துடைச்சுட்டேன். நடுவுல இருக்கிறது ஏழுதானே?”

“ஏழுதான்” என்றேன்.