ஞாயிற்றுக்கிழமையே பிடித்து வைத்த புதன்கிழமை ஜெபம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "அவருகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மாமா" என்றாள். வேதத்தை நம்புகிற நாம சத்தியம் பண்ணக்கூடாதும்மா என்று நழுவிவிட்டேன். போனில் சொன்னால் அடுத்த நிமிஷமே அதை வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபக்குறிப்பாகப் போட்டுவிடுவாய். அங்கே சொந்தக்காரர் அத்தனை பேரும் பாஸ்டரும் இருக்கிறார்கள். அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கிற வெல்டர் இன்றைக்கு விமானம் ஏறுவதற்குள் இதை அவன் கையில் திணிக்கிறேன்.

முதலில் உன் சட்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் குடும்ப ஜெபத்தை ரெக்கார்டு பண்ணிக் குரூப்பில் போட்டால்தான் நீ அங்கிருந்து நெட்டைத் திறந்துவிடுவாய். டிவிக்கும் அதே பூட்டு. கிரேன் ஓட்டுகிறவன் புத்தி எங்கே போகும்? உயரத்தில் உட்கார்ந்து இரும்பை இறக்குகிற மாதிரி, கடல் தாண்டி உட்கார்ந்து பிள்ளைகளை ஜெபத்தில் இறக்குகிறாய். உன்னைப் போல அப்பா வேண்டும் என்று பாஸ்டர் சபையில் சொன்னபோதே நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உன் மகள் உனக்கு மேல். அவள் அம்மா தையல் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வருவதற்குள் தினமும் ஜெபம் உனக்கு வந்து சேர்ந்துவிடுகிறதே, எப்படி? ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு வேண்டிய ஜெபத்தை ஒரே மூச்சில் போனில் பிடித்து வைக்கிறாள், சட்டைகளை மொத்தமாகத் தேய்த்து அடுக்கி நாளுக்கு ஒன்றாக எடுக்கிற மாதிரி. சின்னவன், "அக்கா, வியாழக்கிழமைக்குக் கொஞ்சம் இருமட்டுமா, நெசம் மாதிரி இருக்கும்" என்கிறான்.

புதன்கிழமை உன் பெண்டாட்டி மாடியில் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு நர்ஸ்தான் ஆட்டோவில் ஏற்றினாள். கர்ப்பப்பையில் கட்டியாம், ரத்தம் மோசமாகக் குறைந்திருக்கிறதாம், சீக்கிரம் ஆபரேஷன் பண்ண வேண்டுமாம். அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பெரியவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "எங்க அம்மாவுக்கு இன்னைக்கு முழுக்க நல்ல சுகம் தந்தீங்களே, ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அவள் குரலே போனுக்குள்ளிருந்து வருகிறது. என்னடி இது என்று கத்தினேன். "அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அனுப்பலன்னா அப்பா ஏன்னு கேப்பாரு தாத்தா" என்று அழுதுகொண்டே அனுப்பிவிட்டாள்.

உன் பதில் உடனே வந்தது. கும்பிடுகிற மஞ்சள் கைப் படம் இரண்டு, ஒரு ஆமென். நெட் வந்தது, டிவி தானாகப் பேசியது. ரெண்டு பிள்ளையும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீ என்று போய்விட்டது எனக்கு. அந்த டிவி மேல்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு இல்லை, அந்த ரெண்டு மஞ்சள் கை மேல் வந்தது.

சின்னவன் கேட்டான், "தாத்தா, கர்த்தர் அதை ஞாயித்துக்கிழமையே கேட்டுட்டாரா, இல்ல இப்பத்தான் கேட்டாரா?" நீ பெரிய விசுவாசி, நீ சொல். அப்புறம் மூன்று பேரும் தரையில் முழங்காலில் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுதோம். யாரும் அதைப் போனில் பிடிக்கவில்லை, அதனால் உனக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

இப்போது உன் பெண்டாட்டி, "அவரு வருஷ லீவுல வரட்டும், அப்ப பண்ணிக்கலாம்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதுவரை தாங்காது என்றார். நான் சொன்னால் சிரிக்கிறாள். நீ சொன்னால்தான் கேட்பாள். குரூப்பில் போடாதே. அவள் நம்பருக்கே கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேள். நல்லா இருக்கேன் என்பாள். நம்பிவிடாதே, மறுபடியும் கேள். கேட்டுவிட்டுக் கிளம்பி வா.

உனக்கு லீவு எழுதுகிற மேனேஜரின் மனதைக் கர்த்தர் இளக்கட்டும். நீ வந்து சேரும்வரை அவளைத் தம் கையில் வைத்திருக்கட்டும்.

உன்னைத் திட்டினாலும் உன்னையே நம்பியிருக்கிற,
அப்பா